எங்கள் வீட்டு வருஷக் கணக்கு

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் வழக்கு நடக்கும். டிசம்பர் 31-ந் தேதி இரவு, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு கூடத்துக்கு வந்ததும் கோர்ட்டு கூடிவிடும். வாதி நான். பிரதிவாதி என் மனைவி. ஜட்ஜ் கிடையாது. அதனால்தான் நாற்பது வருஷமாக வழக்கு தீராமல் நடந்துகொண்டிருக்கிறது!

என்ன வழக்கு என்கிறீர்களா? சொத்துத் தகராறு அல்ல. அந்த வருஷத்தில் படித்த படக்கதைகளில் எது பிரமாதம், பார்த்த சினிமாக்களில் எது முதல் தரம் என்பதுதான் வழக்கு. ஆளுக்கு ஒரு படக்கதை, ஒரு சினிமா. ஏன் பிடித்தது என்று காரணமும் சொல்லியாக வேண்டும். "சும்மா பிடித்தது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

"அறுபது வயசு தாண்டியவர்களுக்குப் பொம்மைப் புத்தகம் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். புதுக்கோட்டைக்காரனுக்கு இந்த இரண்டு பைத்தியமும் ஊர்த் தண்ணீரோடு வந்தவை.

ஊர் வாசனை

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்தது எங்கள் ஜில்லாவைச் சேர்ந்த ராயவரத்தில். பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, தமிழ்க் குழந்தைகளுக்காகப் பாட்டுக்களை எழுதிக் குவித்தார். ஒரு காலத்தில் குழந்தைகளுக்கான பத்திரிகைகள் பல இந்தப் புதுக்கோட்டையிலிருந்தே அச்சாகி, ரயிலேறித் தமிழ்நாடெங்கும் போயின.

சினிமாவைக் கேட்கவே வேண்டாம். பி. யு. சின்னப்பா 1916-ல் பிறந்த ஊர் இது. 1940-ல் வந்த 'உத்தம புத்திர'னில் இரட்டை வேஷம் போட்டுத் தமிழ்நாட்டையே ஆட்டி வைத்தவர் அவர். 1942-ல் வந்த 'பிருதிவிராஜ'னில் தம்முடன் ஜோடியாக நடித்த ஏ. சகுந்தலாவையே பிறகு கல்யாணம் செய்துகொண்டார். ஜெமினி கணேசனும், ஏ. வி. எம். ராஜனும் எங்கள் ஊர்க்காரர்கள்தாம். முன்னவர் சாவித்திரியையும், பின்னவர் புஷ்பலதாவையும் மணந்துகொண்டார்கள். திரையில் ஜோடி சேர்ந்தவர்கள் வீட்டிலும் ஜோடி சேர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கணவனும் மனைவியும் ஒரே பைத்தியத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு இன்னும் பெரிய உதாரணம் உண்டு. திருக்கோகர்ணத்திலுள்ள 'ஞானாலயா' நூலகம். கிருஷ்ணமூர்த்தி – டோரதி என்ற ஆசிரியத் தம்பதி, வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்களும் பழைய பத்திரிகைகளும் அங்கே இருக்கின்றன. அவர்கள் கடல். நாங்கள் வீட்டுக் கிணறு. ஆனாலும் கிணற்றுக்கும் ஒரு கதை உண்டல்லவா?

அரிசி டின்னுக்குப் பின்னால்

1984-ம் வருஷம் ஆவணி மாசம் எங்களுக்குக் கல்யாணம். அதே வருஷம் ஜூலையில்தான் தமிழ்ப் படக்கதை உலகில் இரண்டு பெரிய சம்பவங்கள் நடந்தன. 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'யோடு வெளிவந்தது. சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்', 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையோடு கிளம்பிற்று. லயனைத் தொடங்கிய எஸ். விஜயனுக்கு அப்போது வயசு பதினேழுதான்!

நான் அதற்கு முன்பே இந்த ருசி கண்டவன். 1972-ல் 'முத்து காமிக்ஸ்' தன் முதல் புத்தகமாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டபோது நான் அரை டிராயர் பையன். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு வீட்டு ஸ்விட்ச் பெட்டியையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் நானும் ஒருவன். நல்ல வேளை, தைரியம் வரவில்லை.

கல்யாணமான புதிதில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை பொம்மை பார்க்கிறாரே என்று அவளுக்கு வெட்கம்.

பத்து நாள் கழித்து 'மாடஸ்டி'யைக் காணவில்லை. தேடினேன். சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. பக்கமெல்லாம் புளிக் கறை! அத்தை கண்ணில் படாமல், சோறு வேகிற நேரத்தில் படித்திருக்கிறாள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இந்தப் பொம்பளையை யாரும் வந்து காப்பாற்ற வேண்டியதில்லைங்க. அவளே எல்லாரையும் காப்பாற்றுகிறாள்" என்றாள்.

அந்த வருஷக் கடைசி இரவில்தான் முதல் கோர்ட்டு கூடிற்று. நான் என் டயரியை எடுத்து, 'நமக்குப் பிடித்தவை' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். படக்கதை: 'அழகியைத் தேடி'. சினிமா: மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்'.

அவள், "சரிங்க" என்றாள். நானும் அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

பால் கணக்கு நோட்டு

1997-ம் வருஷம் போகிக்கு முதல் நாள். பரணை ஒழிக்கும்போது பழைய படக்கதைகள் இரண்டு மூட்டை சேர்ந்தன. நிறுத்துப் போட்டுவிடலாம் என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். என் மனைவி மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது போகக் கூடாது" என்றாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கண்டிப்பாகப் பேசிக் கேட்டதில்லை.

மூட்டைக்குள் ஒரு பால் கணக்கு நோட்டும் இருந்தது. முன்பக்கமெல்லாம் லிட்டர் கணக்கு. பின்பக்கம் திருப்பினால், வருஷவாரியாக வேறொரு கணக்கு!

1984: மாடஸ்டி. சினிமா, 'வைதேகி காத்திருந்தாள்'.

1986: என் டயரியில் 'விக்ரம்'. அவள் நோட்டில் 'மௌன ராகம்'. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "உனக்கு என்ன வேண்டும் என்று புருஷன் கேட்கிறான்."

1992: ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி கதைகள். முத்து காமிக்ஸில் இவரையே 'வேதாளர்' என்பார்கள். அமெரிக்கரான லீ ஃபால்க் 1936-ல் சிருஷ்டித்த வீரர். ஆனால் அவள் எழுதி வைத்திருந்தது மாயாவியைப் பற்றியல்ல. "டயானா – ஐ. நா. சபையில் உத்தியோகம் பார்க்கிறாள்" என்று எழுதியிருந்தாள்.

பதின்மூன்று வருஷக் கணக்கு! ஒரு வருஷம்கூட அவள் கணக்கும் என் கணக்கும் ஒத்துப் போகவில்லை. 'நமக்குப் பிடித்தவை' என்று நான் எழுதி வந்ததெல்லாம் எனக்குப் பிடித்தவைதான்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்கவே இல்லையே!" என்றாள். கோபமில்லை. பால்காரர் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது. 'மௌன ராக'த்தில் அந்தப் புருஷன் கேட்டுவிட்டுத் துன்பப்பட்டான். நான் கேட்காமலே சௌகரியமாக இருந்துவிட்டேன்.

பேப்பர்காரர் வெறும் சாக்கோடு திரும்பிப் போனார். அன்று முதல் கோர்ட்டில் சட்டம் மாறிற்று. முதலில் பேசுவது அவள். அவள் முடிக்கும் வரையில் நான் குறுக்கே பேசக் கூடாது. ஏன் என்று மட்டும் கேட்கலாம்.

2024-ன் தீர்ப்பு

2024-ல் லயனுக்கு வயசு நாற்பது. எங்கள் கல்யாணத்துக்கும் நாற்பது. அதைக் கொண்டாட, அந்த வருஷம் புதியவற்றோடு பழைய மூட்டையையும் அவிழ்த்துப் படித்தோம். ஆனால் ஒரு சிக்கல். அவளுக்குக் கண்புரை. சினிமாத் திரை தெரிந்தது. படக்கதையின் பொடி எழுத்துத் தெரியவில்லை. தை பிறந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரையில் நான் வசனங்களை உரக்கப் படிப்பேன். அவள் படத்தைப் பார்ப்பாள். வில்லனுக்கு ஒரு குரல், ஷெரீபுக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு கனைப்பு!

ஆகஸ்ட் 23-ந் தேதி இரண்டு நல்ல படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. மற்றது பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. திருச்சிக்குப் பஸ் ஏறி இரண்டையும் பார்த்தோம். 'வாழை' முடிந்ததும் இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. கதாநாயகி மீனா படம் நெடுகிலும் ஊமையைப்போல உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன்றுமே பேச மாட்டேன் என்கிறாளே" என்றேன்.

"பேசவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?" என்று இருட்டில் பதில் வந்தது. எனக்குப் பால் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 31. கோர்ட்டு கூடிற்று. முதலில் அவள்.

சினிமா: தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'. "அந்த யசோதை புருஷனோடு சண்டை போடுகிறாளே, அதில் எவ்வளவு பிரியம்! விஜயகாந்த் பாட்டு வருகிறபோது நம் 'வைதேகி' காலமே திரும்பி வந்துவிட்டது" என்றாள். விஜயகாந்த் காலமாகி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

படக்கதை: லக்கி லூக். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-ல் படைத்த கௌபாய். தன் நிழலை விட வேகமாகச் சுடுகிறவர். "குழந்தைகள் பார்த்துக் கெட்டுப் போகக் கூடாது என்று 1983-லேயே அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுத் துரும்பை வைத்தார்கள். சிலர் அதற்கப்புறமும் பதினைந்து வருஷம் ஊதிக்கொண்டிருந்தார்கள்" என்று என்னைப் பார்த்தாள். பிரதிவாதிக்கு வெற்றி!

பிறகு என் முறை. சினிமா: பிரேம்குமாரின் 'மெய்யழகன்'. பல வருஷம் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு வருகிறவரிடம் ஓர் உறவுக்காரர் உயிரை விட்டுப் பழகுகிறார். வந்தவருக்கோ அவர் பெயர் ஞாபகம் வரவில்லை. வெளியான சில நாட்களில் படத்தில் சுமார் 18 நிமிஷம் குறைத்தார்கள். எனக்கு அந்தப் பதினெட்டு நிமிஷமும் வேண்டும்.

படக்கதை: 'இரத்தப் படலம்'. வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை. அங்கேயும் 1984-ல்தான் தொடங்கிற்று. கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன், தான் யார் என்பதே மறந்து, உடம்பில் குத்தியிருக்கும் பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தன்னையே தேடுகிறான். 2010-ல் பதினெட்டு பாகங்களையும் ஒரே தடித்த புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் லயன் வெளியிட்டது. அதைத்தான் நாங்கள் மறுபடி படித்திருந்தோம்.

நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். ஓவியம், திருப்பம், விறுவிறுப்பு என்று அடுக்கினேன். அவள் வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இரண்டுமே மறதிக் கதையாக இருக்கிறதே?"

நான் பேசவில்லை.

"பெயர் மறந்து போகிறதா?"

எட்டு மாசமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். தெருவில் பழைய நண்பர் கையைப் பிடித்துப் பேசுகிறார், பெயர் வருவதில்லை. அக்காள் பேரன் பெயர் வருவதில்லை. இது எங்கே கொண்டு போய்விடுமோ என்று ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவளுக்குக் கண் இப்படி இருக்கும்போது இதை வேறு சொல்வானேன் என்று அடக்கி வைத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. "நாளைக் காலையில் டாக்டரிடம் போவோம்" என்றாள். போனோம். பரிசோதனையெல்லாம் பார்த்த டாக்டர், "தூக்கம் போதவில்லை, சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லை, இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி மருந்து கொடுத்தார். தையில் அவள் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இப்போது பொடி எழுத்தை அவளே படித்துக்கொள்கிறாள். குதிரைக் கனைப்புக்கு மட்டும் நான் வேண்டுமாம்!

வாசகர்களே, இது ஏதோ பெரிய தத்துவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வருஷம் எந்தப் படம் பிடித்தது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலே எல்லாம் இருக்கும்.

கேட்கிறபோது, முதலில் பேசும் உரிமையை மட்டும் வீட்டுக்காரிக்கே விட்டுவிடுங்கள். பதின்மூன்று வருஷம் நஷ்டப்பட்டவன் சொல்கிறேன்!