உளவுச் செய்தியும் நீதிமன்றச் சான்றும்

ஒருவரைப் பற்றி உளவறிந்து வைத்திருப்பது வேறு. அவர் குற்றவாளி என நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது வேறு. பயங்கரவாதம், ஒற்றாடல் ஆகிய குற்றங்களின் புலனாய்வு இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கும் முயற்சியே எனலாம். பிரித்தானிய நடைமுறை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1909ஆம் ஆண்டில் தோன்றிய எம்.ஐ.5 எனும் உள்நாட்டு உளவுத்துறைக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. பின்தொடர்தல், ஒட்டுக்கேட்டல், தகவலாளிகளை அமர்த்துதல் ஆகிய வழிகளில் அது செய்தி திரட்டுகின்றது. கைதும் விசாரணையும் காவல்துறையின் பணிகள். வழக்குத் தொடரப் போதிய சான்று உண்டா என்பதை, இவ்விரண்டையும் சாராத அரச வழக்குத் தொடர்வுத் துறை ஆராய்கின்றது. தொலைபேசி ஒட்டுக்கேட்பில் கிடைத்தவை அங்குப் பொதுவாக நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படுவதில்லை. வீட்டிலோ வாகனத்திலோ மறைத்து வைத்த கருவியின் ஒலிப்பதிவு ஏற்கப்படலாம். உளவுத்துறையின் இரகசியங்களைக் காக்கவேண்டிய நிலையிலும், எதிரிக்குச் சாதகமான சான்றை அரசு தன் விருப்பப்படி மறைத்துவிட இயலாது; வெளியிடாதிருக்க நீதிபதியின் இசைவு வேண்டும்.

2004ஆம் ஆண்டில் மேற்கு இலண்டன் கிடங்கொன்றில் ஏறத்தாழ 600 கிலோ அம்மோனியம் நைட்ரேட் உரம் இருப்பதைக் கிடங்கு ஊழியர்கள் காவல்துறைக்கு அறிவித்தனர். அதிகாரிகள் உடனே எவரையும் கைது செய்யவில்லை. தீங்கற்ற பொருளை உரத்திற்குப் பதிலாக இரகசியமாக வைத்துவிட்டு, சந்தேகத்திற்குரியோரின் உரையாடல்களைப் பதிவு செய்தனர். அதன் பின்னரே கைதுகள் நிகழ்ந்தன. மக்களின் உயிரும் காக்கப்பட்டது, சான்றும் திரண்டது. 2007இல் ஐவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உடன் விசாரிக்கப்பட்ட இருவரை நடுவர் குழு குற்றமற்றவர் என விடுவித்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பொறுமை தவறினால் விளைவது யாது? 1974இல் கில்ட்ஃபோர்ட் மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்தன. மக்களின் சீற்றம் கொதித்திருந்த வேளையில், காவலில் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொண்டே நால்வருக்கு 1975இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணைக் குறிப்புகள் நம்பத்தகாதவை என வெளிப்பட்டு, 1989இல் தண்டனை நீக்கப்பட்டது. அவர்களின் வாழ்வில் பதினைந்து ஆண்டுகள் சிறையில் கழிந்துபோயின. உண்மைக் குற்றவாளிகளுக்கோ இவ்வழக்கில் தண்டனை கிட்டவேயில்லை.

ஐயம் விசாரணையைத் தொடங்கப் போதுமானது, தண்டிக்கப் போதுமானதன்று. இவ்வேறுபாட்டைப் பேணுவது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. குற்றமற்றவருக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் அரசு செலுத்தவேண்டிய கடனாகும்.