வேலை முடிஞ்சாச்சு... பில் எங்கே? சாஃப்ட்வேரில் காணாமல் போகும் பதிவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

மே மாத வெயில். ஏசி சர்வீஸ் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டெக்னீஷியன் அன்றைக்கு நாலு வீட்டுக்குப் போய் வந்தார். மாசக் கடைசியில் சாஃப்ட்வேரைத் திறந்தால் மூணு வேலைதான் இருக்கிறது. "நாலாவது வீட்டுக்கும் போனேனே சார்" என்கிறார் அவர். "சிஸ்டத்துல இல்லையே" என்கிறது ஆபீஸ்.

இந்த ஒரு வரி இல்லாததால் டெக்னீஷியனுக்கு இன்சென்டிவ் போச்சு. நிறுவனத்துக்கு பில் தொகை போச்சு. அதே ஏசி அடுத்த வாரம் மறுபடி மக்கர் பண்ணினால், சர்வீஸ் வாரன்டி கேட்க வாடிக்கையாளரிடமும் ஆதாரம் இருக்காது.

ஜாப் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் என்றால்?

வாடிக்கையாளரின் அழைப்பு, யாரை அனுப்புவது, எத்தனை மணி நேர வேலை, என்ன பார்ட்ஸ் போட்டார்கள், பில், பணம் வந்ததா என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்யும் மென்பொருள். ஜோஹோ எஃப்.எஸ்.எம், ஜாபர், சர்வீஸ்எம்8 போன்றவை இந்த ரகம்.

இதில் என்ன சிக்கல்?

தப்பான பதிவு கண்ணில் படும். இல்லாத பதிவு படாது. ரிப்போர்ட் அழகாக வரும், கூட்டுத்தொகையும் சரியாக இருக்கும். ஒரு வரி குறைவு என்று எந்தத் திரையும் சொல்லாது.

2020-ல் இங்கிலாந்தில் இதுதான் நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்க்க, பழைய எக்ஸ்.எல்.எஸ் வடிவ எக்ஸெல் கோப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பாசிட்டிவ் பதிவுகள் தினசரிக் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

சரி, எப்படித் தேடுவது?

1. முதலில் ஃபில்டரைப் பாருங்கள். தேதி வரம்பு, கிளை, 'ஆர்க்கைவ்' செய்தவை, உங்கள் லாகினுக்கு உள்ள அனுமதி. காணோம் என்று பதறும் பதிவு பல நேரம் இதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். ரிப்போர்ட் யு.டி.சி நேரத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதனால் ஜூன் 1 அதிகாலை 3 மணிக்கு முடித்த எமர்ஜென்சி வேலை, மே 31 கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

2. எண் வரிசையில் ஓட்டை இருக்கிறதா? 1041, 1042, 1044... நடுவில் 1043 எங்கே? ரத்து செய்த வேலை என்றால் 'ரத்து' என்ற பெயரிலாவது இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் தாமாகவே எண்ணைத் தாண்டுவதும் உண்டு என்பதால், ஓட்டை என்றாலே மோசடி இல்லை. ஆனால் ஜி.எஸ்.டி பில் எண்கள் தொடர் வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஓட்டை விழுந்தால் காரணம் கையில் இருக்கணும்.

3. இரண்டு பட்டியலை மோத விடுங்கள். 'முடிந்தது' என்று உள்ள வேலைகள் ஒரு ஷீட், பில்கள் இன்னொரு ஷீட். வேலை எண்ணை வைத்து விலுக்அப் போடுங்கள். எதிரில் எதுவும் கிடைக்காதவை பில் போடாத வேலைகள். அப்புறம் திருப்பியும் போடுங்கள், வேலையே இல்லாத பில்கள் சிக்கும். ஒரு எச்சரிக்கை: ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்ட்டாகவும் இருந்தால், இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும்.

4. முரண்களைத் தேடுங்கள். நிலை 'முடிந்தது', ஆனால் முடித்த நேரம் காலி. தொடங்கிய நேரத்துக்கு முன்பே முடிந்த வேலை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும். பார்ட்ஸ் போட்டாச்சு, ஸ்டாக் குறையவில்லை. ஒரே வாடிக்கையாளர், +91 சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை என இரண்டு பேராக.

5. போனைக் கேளுங்கள். அடுக்குமாடி பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லாமல் முடித்த வேலை, சிங்க் ஆகாமல் டெக்னீஷியனின் போனிலேயே தங்கியிருக்கலாம். அதற்குள் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டால், அந்தப் பதிவு மொத்தமாகவே போய்விடக்கூடும். "சிங்க் ஆச்சா?" என்று கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

கிடைத்துவிட்டது. இனி?

அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். யார், எப்போது மாற்றினார் என்பது ஆடிட் லாகில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். விடுபட்டதைப் புதிதாகச் சேர்த்தால், வேலை நடந்த தேதி வேறு, பதிவு செய்த தேதி வேறு என்று குறிப்பு எழுதுங்கள். இன்றைய தேதியில் சத்தமில்லாமல் போட்டால், ஒரு ஓட்டையை அடைத்து இன்னொரு முரணை உருவாக்கியதாகிவிடும்.

மாசக் கடைசி வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை 3-வது சோதனையை மட்டும் செய்தாலே போதும், விடுபட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்போதே சிக்கிவிடும். முப்பது நாள் கழித்து நாலாவது வீடு எது என்று கேட்டால், யாருக்குத்தான் சொல்லத் தெரியும்?

முக்கியமாக, பதிவு இல்லை என்றதும் முதல் சந்தேகம் வெயிலில் போய் வேலை செய்தவர் மேல் விழ வேண்டாம். சிஸ்டத்தில் இல்லை என்பதும், வேலை நடக்கவே இல்லை என்பதும் ஒன்றில்லை.