வெயில் ஊரில் வெயில் கிடைக்காத ஓணான்

சித்திரை மாதத்து மதியத்தில் சென்னைப் புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தின் எந்த மொட்டை மாடியிலும் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்க முடியாது. உலர்த்திய துணி அரை மணி நேரத்தில் மொறமொறத்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பியர்டட் டிராகன் குட்டி ஒன்று வெயில் போதாமல் எலும்பு வளைந்து படுத்துவிடும் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் அடுக்குமாடி வீட்டில் இந்தத் தாடி ஓணானை வளர்க்கிறவருக்குக் காத்திருக்கும் முதல் ஆபத்தே அதுதான்.

போகோனா விட்டிசெப்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நம் வேலியோரத்து ஓணான் இருக்கும் அதே அகாமிடே குடும்பம்; பங்காளி என்றே சொல்லலாம். முட்டையிலிருந்து வெளிவரும்போது வால் நுனிவரை அளந்தால் சுமார் 10 செ.மீ. இருக்கும். முழு வளர்ச்சியில் அரை மீட்டர் வரும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் நடந்துவிடுகிறது. எலும்பு அவ்வளவு வேகமாக வளரும் காலம் என்பதால், குட்டிப் பருவத்துப் பராமரிப்பில் விழும் ஓட்டை உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஆறாம் வகுப்புப் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று வாங்கினால், பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்வரை ஓணானும் வீட்டில் இருக்கும். பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இனி வெயிலுக்கு வருவோம். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட பகுதிக்குப் புற ஊதா பி என்று பெயர். அது தோலில் பட்டால், தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறுகிறது. உடல் சூட்டில் அது டி3 ஆகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் மாறி, தின்ற உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. கதிர் படவில்லை என்றால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் பெரும்பகுதி வீண். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்ளும். இதயமும் தசையும் இயங்கியாக வேண்டுமே என்று எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும். தாடை ரப்பர் போல மென்மையாகும், கால் வீங்கும், விரல்கள் துடிக்கும், வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் குட்டி ஊர்ந்து போகும். கடைசியில் முதுகு கோணிவிடும்.

ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். புற ஊதா பி-யை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். ஹாலில் ஜன்னலோரமாகத் தொட்டியை வைத்துவிட்டு, “நாள் முழுக்க வெயில் படுது சார்” என்று சொல்லும் வீட்டில்தான் குட்டியின் கால் வளைகிறது. 1919-இல் பெர்லின் குழந்தை மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையான குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஓணானுக்கு வருவதும் ஏறக்குறைய அதே நோய்தான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவில் மனிதர்களுக்கே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதற்கு, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைந்து கிடப்பது ஒரு முக்கியக் காரணம். தொட்டிக்குள் அடைபட்ட ஓணான் மட்டும் விதிவிலக்காகுமா?

இதற்கு விளக்கு உண்டு. ஊர்வனவற்றுக்கென்றே தயாராகும் நீளமான டி5 குழல் விளக்கு, தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வருவதாக இருக்க வேண்டும். குட்டி வெயில் காயும் கல்லுக்கும் விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும்; நடுவில் கம்பி வலை இருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும். இந்த விளக்கில் ஒரு ஏமாற்று உண்டு. புற ஊதாக் கதிர் தேய்ந்துபோன பிறகும் வெளிச்சம் பளிச்சென்று வந்துகொண்டே இருக்கும். அதனால் வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டி, சுமார் ஓராண்டில் மாற்றிவிட வேண்டும். மலிவான நீல நிற பல்பை ‘யூவி’ என்று சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். அதில் நீலம் மட்டுமே இருக்கலாம்.

விளக்கைவிட மேலானது நம் மாடியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் இந்த ஊரில், கோடை மதியத்தில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். குட்டிக்கு அவ்வளவு தேவையில்லை, அது ஆபத்தும்கூட. காலை எட்டு, எட்டரை மணி வெயில் போதும். வாரத்தில் சில நாள், அரை மணி நேரம், கம்பி வலைக் கூண்டில் வைத்து, கூண்டின் பாதியில் நிழல் விழுமாறு துணி போட்டு, நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைக்கக் கூடாது. சில நிமிடங்களில் உள்ளே சூடு ஏறிக் குட்டி செத்துவிடும். காக்கையும் பருந்தும் வேறு காத்திருக்கும்.

சூடு என்பது தனிக் கணக்கு. ஓணானால் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது; இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே தொட்டியின் ஒரு முனையில், வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மறுமுனை 25 முதல் 28 வரை. மேலைநாட்டு வழிகாட்டிகள் சூட்டு முனையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கோ தலைவலி குளிர் முனைதான். மே மாதம் மேல்தளத்து வீட்டில் அறையே 35 டிகிரி இருக்கும்போது, உள்ளே விளக்கும் எரிந்தால் குட்டி ஒதுங்க இடமேது? அந்த மாதங்களில் சூட்டு விளக்கின் வாட்டைக் குறையுங்கள், மதியம் சில மணி நேரம் அணைத்துவிடுங்கள், தொட்டியைக் கீழ்த்தளத்துக்கோ உள்ளறைக்கோ மாற்றுங்கள். வாயைத் திறந்துகொண்டு கல்லின் மேல் கிடந்தால் பயப்பட வேண்டாம். சூட்டை வெளியேற்றும் வழி அது. குளிர் முனைக்குப் போன பிறகும் வாய் மூடவில்லை என்றால்தான் கவலை. இரவில் சூட்டு விளக்கு நம் ஊரில் தேவையே இல்லை. மார்கழி இரவின் 20 டிகிரியைக் குட்டி தாங்கும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியால் கல்லின் சூட்டை அளக்காதீர்கள். மனித உடல் சூட்டுக்கென்று அமைக்கப்பட்டது அது.

ஈரப்பதம்தான் இந்தக் கரையோர ஊரின் உண்மையான எதிரி. பியர்டட் டிராகனுக்கு 30 முதல் 40 சதவீதம் சரி. சென்னைக் காற்றில் 70 சதவீதம் என்பது சாதாரணம். ஐப்பசியில் மூடிய கண்ணாடித் தொட்டி இட்லிப் பானைதான். நுரையீரல் தொற்றும் தோல் பூஞ்சையும் அங்கிருந்து வருகின்றன. மூன்று பக்கம் காற்றுப் போகும் மரப்பெட்டியோ வலைப்பெட்டியோ நமக்கு ஏற்றது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சூட்டு முனையில் வைக்க வேண்டாம். தரையில் மணல் பரப்பவும் வேண்டாம். இரையோடு மணலையும் விழுங்கினால் குட்டியின் குடல் அடைபடலாம். பழைய செய்தித்தாள் போதும்.

மழைக்காலம் என்றதும் மின்வெட்டு நினைவுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகரின் பல பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. விளக்கு எரியாவிட்டால் குட்டி பட்டினியால் சாகும் என்று பயந்து அந்த நேரத்தில் பூச்சியை ஊட்டிவிடுவோர் உண்டு. அதுதான் தவறு. உடல் சூடாக இருந்தால்தான் அதற்குச் செரிமானம் நடக்கும். சூடில்லாத வயிற்றில் இரை அழுகும். மின்சாரம் போனால் உணவை நிறுத்துங்கள். மழைக்கால 24, 25 டிகிரியில் ஓரிரு நாள் பட்டினி அதைக் கொன்றுவிடாது.

சாப்பாட்டில் குட்டிக்கும் பெரியதற்கும் கணக்கு தலைகீழ். குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு கீரை. வளர்ந்த பிறகு முக்கால் பங்கு கீரை. குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக் கூடாது. நாளுக்கு இரண்டு, மூன்று வேளை, பத்து நிமிடத்தில் தின்னுமளவு போட்டுவிட்டு மீந்ததை எடுத்துவிடுங்கள். இரையாகப் போட்டு மீந்த சுவர்க்கோழி, இரவில் தூங்கும் குட்டியையே கடிக்கும். சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தேவையோ பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு கால்சியம். எனவே பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. பூச்சிக்கே முந்தின நாள் கேரட்டும் முருங்கை இலையும் கொடுத்தால் அந்தச் சத்தும் குட்டிக்குப் போகும். கருப்புப் படைவீரன் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் நிறைய இருக்கிறது. உயிர் இரைக்கு வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர்ப் பக்கம் விசாரிக்கலாம்.

வீட்டுக் கரப்பானையும் ஏரிக்கரைப் பூச்சியையும் பிடித்துப் போடும் சிக்கனம் வேண்டாம். மருந்து ஜெல் தின்ற கரப்பான், கொசு மருந்துப் புகையில் நனைந்த வெட்டுக்கிளி இரண்டுமே விஷம். மின்மினிப்பூச்சி இன்னும் மோசம். அதன் உடலில் உள்ள இதய நஞ்சால், ஒன்றே ஒன்றைத் தின்ற பியர்டட் டிராகன்கூட இறந்திருக்கிறது. கீரையில் முருங்கை, பூசணித் துருவல், செம்பருத்திப் பூ நல்லவை. பாலக்கும் தண்டுக்கீரையும் அடிக்கடி வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுற்றுவதைக் கைபேசியில் படமெடுத்து, “ஹாய் சொல்லுது பாருங்க” என்று அனுப்புவார்கள். அது வணக்கமல்ல, பணிவு. ‘நான் சின்னவன், சண்டைக்கு வரவில்லை’ என்று பெரியதிடம் சொல்லும் சைகை. ஒரே தொட்டியில் இரண்டு குட்டிகளைப் போட்டு, ஒன்று ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் அது பயந்துபோயிருக்கிறது என்று பொருள். பெரியது சின்னதன் விரலையும் வாலையும் கடித்துத் தின்றுவிடும். பல்லி வால் போல இந்த வால் மீண்டும் முளைக்காது. தனித்தனியே வையுங்கள். தலை உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்றும் இதற்கு உண்டு. மேலிருந்து நிழல் விழுந்தால் அதைப் பொறுத்தவரை பருந்து. தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து கை நீட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று. 2016-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜில் லோரான் குழுவினர், இதே பியர்டட் டிராகனின் மூளையில் நம்மைப் போலவே ஆழ்தூக்கமும் விரைவிழி அசைவுத் தூக்கமும் மாறி மாறி வருவதைப் பதிவுசெய்தார்கள். நமக்கு ஒன்றரை மணி நேரம் ஓடும் சுற்று, அதற்குச் சுமார் 80 நொடிதான். இரவு பதினொரு மணிவரை டிவி ஓடும் ஹால் அதற்கான இடமல்ல.

ஆணா பெண்ணா என்று குட்டியைப் பார்த்துச் சொல்வது கடினம். அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் இயற்கையே ஒரு வித்தை செய்கிறது. முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால், குரோமோசோம்படி ஆணாக வேண்டிய கரு பெண்ணாகப் பிறக்கிறது. ஆய்வகத்தில் 2007-இலும், ஆஸ்திரேலியக் காட்டில் 2015-இலும் இது நிறுவப்பட்டது.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் இந்த ஓணான் வேண்டாம் என்பது என் கருத்து. நோய் எதுவும் இல்லாமலேயே சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியது இது. அமெரிக்காவில் 2014-இல் நூறு பேருக்கும் மேல் பரவிய ஒரு தொற்றுக்குக் காரணம் வளர்ப்பு பியர்டட் டிராகன்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

எங்கிருந்து வாங்குகிறோம் என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. உலகில் விற்பனைக்கு வருபவை கூண்டில் பெருக்கப்பட்டவை. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் திணிக்கப்பட்ட வெளிநாட்டு ஊர்வனவற்றை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. முறைப்படி இறக்குமதியாகும் உயிருள்ள விலங்குக்கு உரிமமும் நோய்த் தடுப்பு அனுமதியும் வேண்டும். அதைப் பார்க்கும் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் நமக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் எதை வைத்திருந்தாலும், 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இன் விதிகளும் பதிவு கேட்கின்றன. பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் வாங்கும் முன் பாருங்கள். ரசீது தராத கடையில் வாங்காதீர்கள். வாங்கிய வாரத்திலேயே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். காக்சிடியா ஒட்டுண்ணி குட்டிகளில் சகஜம்.

வளர்க்க முடியாமல் போனால் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையிலோ நன்மங்கலம் காட்டிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். முதல் வடகிழக்குப் பருவமழையை அது தாண்டாது; தாண்டினாலோ, தான் சுமந்து வந்த ஒட்டுண்ணிகளை நம் ஓணான்களுக்குக் கொடுக்கும். வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள்.