உங்களுக்குத் தெரியுமா? எம்டனைச் சிக்கவைத்த தந்தி

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியக் கப்பல் எம்டன் சிக்கியது, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த கோகோஸ் தீவுகளில். இந்தியப் பெருங்கடலின் கடலடித் தந்திக் கம்பிகள் சந்தித்த இடம் அது. நவம்பர் 9 காலை, எம்டனின் ஆட்கள் கரையேறுவதற்குள் தந்தி நிலைய ஊழியர்கள் கம்பியில்லாத் தந்தியில் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். என்ன துணிச்சல்! தந்திக் கம்பத்தைச் சாய்க்க வந்தவர்களிடம், டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்களாம். சில மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பல் வந்து எம்டனை முடக்கியது.

அதே கோகோஸ் தீவுகளில் இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளம் பின்னர் சீரமைக்கப்பட்டு, 1952 முதல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் ஜோகன்னஸ்பர்க் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கின. தீவுகள் ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறியது 1955இல்தான்.