எஞ்சினின் தட்டொலியும் அதன் மூலமும்

கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது பேலியகொடை. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரியும் இவ்விடத்திலேயே மத்திய மீன்சந்தையும் அமைந்துள்ளது. விடியுமுன் இங்கு மீன் வாங்கிப் பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு ஊரூராகச் சென்று விற்கும் வியாபாரிக்கு மோட்டார்ச் சைக்கிளே தொழிலின் அடிப்படை. வழியில் எஞ்சின் நின்றுவிடின் அன்றைய மீனும் அன்றைய வருவாயும் ஒருங்கே கெடும். அத்தகைய கேட்டினை எஞ்சின் பெரும்பாலும் முன்னரே அறிவிக்கின்றது. பாரத்துடன் மேட்டில் ஏறுகையில், தகரப் பேணியிற் சிறுகற்களை இட்டுக் குலுக்கினாற் போன்றதோர் ஓசை எழும். கராஜ்களில் 'நொக்கிங்' என வழங்கும் இதனைத் தட்டொலி எனலாம். இது தோன்றும் விதத்தையும் நீக்கும் முறையையும் ஆராய்தல் பயனுடைத்து.

உருளையினுள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை பிஸ்ரனால் நெருக்கப்படுகின்றது. பிளக்கின் பொறி அதனைப் பற்றவைக்கச் சுவாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிச் சீராகப் பரவுதல் வேண்டும். எரிந்த வாயு விரியுந்தோறும், எரியாது எஞ்சிய கலவை மேலும் நெருக்குண்டு சூடேறுகின்றது. அச்சூடு எல்லை மீறினால், சுவாலை வந்து சேருமுன்னரே அப்பகுதி முழுவதும் தானாகவே வெடித்துப் பற்றுகின்றது. அதனால் எழும் அமுக்க அலைகள் உருளையின் சுவர்களில் மோதுதலே தட்டொலியாகும். அவ்வலைகள், உலோகத்தை வெப்பத்தினின்றும் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் குலைத்துவிடுகின்றன. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். பிஸ்ரன் செய்யப்படும் அலுமினியக் கலப்புலோகங்கள் அதனினுங் குறைந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஆதலின் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட தட்டொலி பிஸ்ரனின் தலையிற் துளையிடும் ஆற்றலுடையது.

இக்குறைபாட்டின் இயல்பை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் ஹரி றிக்காடோ. அமுக்க விகிதத்தை வேண்டியவாறு மாற்றத்தக்க எஞ்சினை அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் என்பதை அவர் அளந்தறிந்தார். ஒக்டேன் எண்ணும் இத்தாங்குதிறனையே குறிக்கின்றது. எளிதில் தட்டொலி தரும் ஹெப்டேனுக்கு 0 எனவும், அதனை நன்கு எதிர்க்கும் ஐசோஒக்டேனுக்கு 100 எனவும் மதிப்பளித்து இவ்வளவை வகுக்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ச்லி கண்டறிந்த ஈயச் சேர்வை தட்டொலியை அடக்கிற்று. ஆயினும் அது மக்களின் உடலுக்கு நஞ்சாயிற்று. இலங்கையில் 2002 ஆம் ஆண்டில் ஈயங்கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. இன்று இங்கு பரவலாக விற்கப்படுவன ஒக்டேன் 92, 95 ஆகிய பெற்றோல்கள்.

காற்றினாற் குளிர்விக்கப்படும் எஞ்சினுக்கு இந்நோய் எளிதில் வருவதற்குத் தனிக் காரணமுண்டு. நீர் சுற்றியோடும் எஞ்சினில் வெப்பம் ஓரளவு நிலையாக இருக்கும். காற்றையே நம்பிய எஞ்சினிலோ, உருளையைச் சூழ்ந்த தகட்டுச் சிறகுகளின் மீது காற்று வீசுமளவிற்கே வெப்பம் நீங்கும். கண்டி வீதியிற் கடுகண்ணாவை ஏற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். பாரம் மிகுதி, அக்சிலேற்றர் முழுவதும் திறந்திருக்கின்றது, வேகமோ குறைவு. வெப்பம் மிகுதியாகப் பிறக்கும் வேளையிலேயே குளிர்விக்கும் காற்று குறைகின்றது. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் எஞ்சிய கலவை தானே பற்றுதற்கும் போதிய நேரங் கிடைக்கின்றது. ஆகவே ஓசை கேட்டவுடன் அக்சிலேற்றரை மேலும் முறுக்குதல் நோயை வளர்ப்பதாகும். அதனைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கியர் இறக்கி, எஞ்சினை விரைந்து சுழலவிடுதலே உடனடிப் பரிகாரம்.

இனி, காரணத்தை நாடும் முறை. முதலில் ஓசை எதனின்றும் எழுகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். பாரத்தின்போது தோன்றி, அக்சிலேற்றரைத் தளர்த்தியதும் மறைவது தட்டொலி. நின்றநிலையில் ஓடும்போதும் தொடர்ந்து கேட்பது பெரும்பாலும் வால்வு இடைவெளியின் ஓசை. குளிர்ந்த எஞ்சினில் ஒலித்துச் சூடேறியபின் தணிவது தேய்ந்த பிஸ்ரனின் அசைவு.

அடுத்தது எரிபொருள். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலும், நாட்பட வைத்துக் கெட்ட பெற்றோலும் தட்டொலியைத் தூண்டும். தாங்கியை வெறுமையாக்கிப் புதிய பெற்றோல் இட்டுப் பார்த்தல் எளிய சோதனை. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. 95 இட்டவுடன் ஓசை அடங்கினால், முன்னைய பெற்றோலே குற்றமுடையது என முடிவு செய்தல் தவறு. எஞ்சினுக்கு உற்பத்தியாளர் விதித்தது 92 ஆயின், அதனைத் தாங்காதபடி எஞ்சினிலேயே வேறொரு குறை தோன்றியிருக்கலாம். உயர்ந்த ஒக்டேன் அக்குறையை மறைக்குமேயன்றி மாற்றாது. மூலத்தை நாடாது அறிகுறியைத் தணித்தல் மருத்துவமாகாது என்பது இயந்திரத்திற்கும் பொருந்தும்.

பின்னர் பிளக்கைக் கழற்றி நோக்குதல் வேண்டும். அதன் முனை இளம் கபில நிறமாயின் எரிதல் செவ்விது. வெளிறியிருப்பின் மிகைவெப்பமோ ஐதான கலவையோ உளது. அலுமினியத் துகள்கள் ஒட்டியிருப்பின் பிஸ்ரன் சிதையத் தொடங்கிவிட்டது. அதன்பின் வண்டியை ஓட்டலாகாது. பிளக்கின் வெப்பத்தரம் விதித்ததுதானா என்பதையும் ஒப்பிடுதல் நன்று.

கலவை ஐதாவதற்குக் காபரேற்றரின் துளை அடைபடுதலும், உருளையுடன் அதனை இணைக்கும் றப்பர்க் குழாய் வெடித்துக் காற்றுப் புகுதலும் பொதுவான காரணங்கள். பொறி பிறக்கும் வேளை முந்துதலும் தட்டொலியை விளைக்கும். பழைய வண்டிகளிற் பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளி விதித்த அளவினும் அகன்றாற் பொறி முந்தும். இடைவெளியைச் சீராக்கிய பின்னரே பொறிவேளையைத் திருத்துதல் முறை. இலத்திரனியற் பொறியமைப்புடைய புதிய வண்டிகளில் இதற்கு இடம் அரிது.

இவையனைத்தும் செவ்வையாக இருந்தும் ஓசை நீங்காதாயின், எரியறையிற் கரி படிந்துள்ளதோவென ஐயுறல் தகும். தேய்ந்த வளையங்களினூடாக மேலேறும் எண்ணெய் எரிந்து கரியாகின்றது. அக்கரி எரியறையின் இடத்தைச் சுருக்கி நெருக்கத்தை மிகுவிக்கும். செந்தணலாய்க் கனன்று பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைக்கவும் கூடும். எஞ்சின் தலையைக் கழற்றி, அலுமினியத்திற் கீறல் விழாதவாறு மரச்சீவலாற் கரியைச் சுரண்டி, புதிய காஸ்கற் இட்டுப் பூட்டுதல் வேண்டும். எண்ணெய் மேலேறும் வழியை அடைக்காவிடில் கரி மீண்டும் படியும். சிறகுகளிடையே இறுகிய சேற்றையும் எண்ணெய்ப் பிசினையும், எஞ்சின் நன்கு ஆறியபின் கழுவுதல் அவசியம்.

ஒரே நாளிற் பலவற்றை மாற்றுவோன் ஓசையை நீக்கலாம், காரணத்தை அறியான். ஒன்றை மட்டும் மாற்றி, அதே மேட்டில் அதே பாரத்துடன் ஓட்டிப் பார்த்து, பின்னர் அடுத்ததற்குச் செல்லுதலே முறை. செலவில்லாத சோதனைகள் முன்னும் எஞ்சினைப் பிரித்தல் இறுதியிலும் அமையின், வியாபாரியின் பணமும் பொழுதும் காக்கப்படும், பிஸ்ரனும் பிழைக்கும்.