பயன்படுத்திய விளக்குகளையும் மின்கலங்களையும் அகற்றல்

பணியிடங்களில் பழுதடைந்த குழல்விளக்குகளையும் தீர்ந்த மின்கலங்களையும் பொதுக் குப்பையில் இடாமல், தனியே சேமித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தீங்குதரும் கழிவு மேலாண்மையின் ஒரு பகுதியாகும்.

விளக்குகள்

குழல்விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. விளக்கு உடைந்தால் அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். மூச்சின்வழி உட்செல்லும் பாதரச ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகங்களையும் பாதிக்கும். எனவே இடத்தை மிச்சப்படுத்த விளக்குகளை உடைத்துச் சேமிப்பது தவறாகும். புதிய விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை இட்டு, ஆட்கள் நடமாடாத இடத்தில் வைக்கலாம்.

தவறி உடைந்தால் சாளரங்களைத் திறந்துவிட்டு, 10 நிமிடங்கள் அறையை விட்டு வெளியேற வேண்டும். துடைப்பமோ தூசி உறிஞ்சியோ பாதரசத்தை மேலும் பரப்பும். ஆகவே கையுறை அணிந்து, சில்லுகளைத் தடித்த அட்டையால் வழித்தெடுக்க வேண்டும். துகள்களை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, அனைத்தையும் இறுக மூடிய கலனில் அடைக்க வேண்டும்.

மின்கலங்கள்

தீர்ந்ததாகக் கருதப்படும் இலித்தியம் அயனி மின்கலத்திலும் சிறிது மின்னாற்றல் எஞ்சியிருக்கும். அதன் முனைகள் பிற உலோகத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். இதனைத் தவிர்க்க முனைகளை ஒட்டுநாடாவால் மூடுவர். வீங்கிய மின்கலங்களை மணல் இட்ட, எரியாத கலனில் தனியே வைப்பர். ஈய-அமில மின்கலங்களில் கந்தக அமிலம் இருப்பதால் அவற்றைச் சாய்க்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

சட்டங்கள்

இந்தியாவில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. பாதரச விளக்குகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளுள் அடங்கும்.