கொன்றது கோடை, பழி குளிர்மேல்

மெல்பர்னின் மல்கிரேவிலிருந்து எழுதியிருக்கும் வாசகரின் கேள்வி இது: டொரொன்டோவில் இருக்கும் மைத்துனர், ஜூன் பிறந்ததிலிருந்து, குளிர்காலத்துக்குக் காரை எப்படித் தயார் செய்வது என்று வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார், அதில் எங்களுக்குப் பொருந்துவது எது? பெரும்பாலும் எதுவும் பொருந்தாது. கனடாவில் குளிர்கால டயர் மாட்டுவார்கள், இரவெல்லாம் எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கி வைப்பார்கள், சாலையில் கொட்டும் உப்பு அடித்தகட்டை அரிக்காமலிருக்க வாரம்தோறும் கழுவுவார்கள். மெல்பர்னில் சாலைக்கு உப்புத் தூவுவதில்லை. நகரத்தின் வானிலைப் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 2.8 டிகிரி, அது பதிவானது 1869 ஜூலையில். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த எண் அப்படியே நிற்கிறது. மல்கிரேவில் ஜூலை அதிகாலை என்றால் ஐந்தாறு டிகிரி, சில நாள் புல்லில் வெண்பனி, கண்ணாடியில் மெல்லிய உறைபனி. டொரொன்டோக்காரர் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

ஆனாலும் இந்த மென்மையான குளிரில்தான் மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்களில் காலை ஏழு மணிக்குக் கார்கள் செல்ஃப் எடுக்காமல் நிற்கின்றன. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், டாஷ்போர்டு விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். சாலையோர உதவிக்கு ஆள் வருகிறார், பேட்டரி போய்விட்டது என்கிறார், வண்டியிலேயே கொண்டுவந்த புதிய பேட்டரியை அங்கேயே மாற்றிவிட்டுப் போகிறார். வீட்டில் எல்லோரும் குளிர்தான் பேட்டரியைத் தீர்த்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்த முடிவு தவறு என்பதுதான் நான் சொல்ல வந்தது. பேட்டரியைக் கொன்றது அதற்கு முந்தைய கோடை. குளிர் அந்தச் சாவை வெளியே தெரியவைத்தது, அவ்வளவே. இது வெறும் வாதப் பிரதிவாதமில்லை. குற்றவாளியை மாற்றிப் பிடித்தால் பராமரிப்பின் மாதமும் மாறிவிடும்.

சான்று பேட்டரியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. லேபிளில் சி.சி.ஏ. என்ற மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் 450, 550, 600 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியை மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்து, அந்த நிலையில் 30 விநாடி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுத்தும் வோல்டேஜ் 7.2க்குக் கீழே இறங்காமல் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மெல்பர்ன் தன் வரலாற்றில் கண்ட கடுங்குளிரைவிட 15 டிகிரி கீழே தேறிவந்த பொருள் அது. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது, எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுழற்றக் கூடுதல் பலம் கேட்கிறது என்பதெல்லாம் உண்மைதான். பூஜ்ய டிகிரியில் பேட்டரியின் தள்ளுதிறன் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். ஆனால் நல்ல பேட்டரி அந்த இழப்புக்குப் பிறகும் தேவைக்கு மேலேயே கையில் வைத்திருக்கிறது. ஐந்து டிகிரியில் ஒரு பேட்டரி படுத்துவிட்டால், அது ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தது என்றுதான் பொருள்.

அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவது வெயில். மெல்பர்னின் அதிகபட்ச வெப்பம் 46.4 டிகிரி, 2009 பிப்ரவரி 7, கருப்புச் சனிக்கிழமை என்று நினைவில் நிற்கும் காட்டுத்தீ நாளில் பதிவானது. நாற்பதைத் தொடும் நாட்கள் பெரும்பாலான கோடைகளில் வருகின்றன. பானெட்டுக்கு அடியில் சூடு அதைவிடப் பல டிகிரி கூடுதல். ஏறத்தாழப் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. அந்த வேகத்தில் நேர்முனைத் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிபடுகிறது, அமிலத்திலிருக்கும் தண்ணீர் குறைகிறது, தகட்டில் பூசியிருக்கும் பொருள் உதிர்கிறது. கோடையில் இது எதுவும் வெளியே தெரியாது. ஆயில் இளகியிருக்கும், எஞ்சின் லேசாகச் சுழலும், பாதிப் பலமுள்ள பேட்டரியும் வண்டியைக் கிளப்பிவிடும். ஊரில் எங்கள் பக்கத்து ஓட்டு வீடுகளில் உத்தரத்தைக் கரையான் வருடமெல்லாம் அரிக்கும். ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனக்கிற ராத்திரி அது முறிந்து விழும். ஊரே மழையைத் திட்டும். மெல்பர்ன் ஜூலை அந்த மழை.

இந்த ஈயப் பேட்டரி எப்படி மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிறது என்பது பள்ளிப் பாடம், அதற்குள் போகவில்லை. காஸ்தோன் பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859இல் செய்துகாட்டியது. செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் காரில் வந்தபோது அதற்குத் துணையாக இந்தப் பேட்டரி காருக்குள் ஏறியது. நூறாண்டு தாண்டியும் இறங்கவில்லை. ஆனால் பாடப்புத்தகம் சொல்லாத ஒரு விசித்திரம் இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஈயம் தனிமவரிசையில் 82ஆவது. அவ்வளவு மின்சுமையுள்ள அணுக்கருவை மிக நெருங்கிச் சுழலும் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகள் வேலைசெய்யத் தொடங்குகின்றன: எலக்ட்ரானின் நிறை கூடுவதுபோலாகி, அதன் பாதை அணுக்கருவை நோக்கிச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் வெளிக்கூட்டிலுள்ள ஒரு ஜோடி எலக்ட்ரானையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்த ஜோடியை இழந்து நிற்கும் ஈய டைஆக்சைடு, அதாவது பேட்டரியின் நேர்முனைத் தகடு, அதைத் திரும்பப் பெற அசாதாரண ஆசையோடு இருக்கிறது. அந்த ஆசைதான் வோல்டேஜ். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, இந்தியாவில் பிறந்த ராஜீவ் அஹூஜாவும், ஹெல்சிங்கியின் பெக்கா புக்கோவும், உடன் ஆய்வாளர்களும் 2011இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறது. ஆறு செல் சேர்ந்த கார் பேட்டரியில் பத்து வோல்ட்டுக்கு மேல் ஐன்ஸ்டைன் கணக்கு. மிச்சமிருக்கும் இரண்டு வோல்ட்டில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரும் அசையாது. தனிமவரிசையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயம் பல விதத்தில் ஈயத்தைப்போலவே நடந்துகொள்வது. அதை வைத்து யாரும் இப்படியொரு பேட்டரி செய்யாததற்குக் காரணமும் இதுதான். விண்மீன்களுக்கும் கருந்துளைகளுக்கும் உரியதாக நாம் நினைத்திருக்கும் ஒரு விதி, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகச் சாவியைத் திருகும் எல்லா வீட்டிலும் தினம் வேலை பார்க்கிறது.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மெக்கானிக்குகளிடமிருந்தே வரும்: குளிருமில்லை வெயிலுமில்லை, சின்னச் சின்ன ஓட்டம்தான் காரணம், கிளென் வேவர்லி ஸ்டேஷன் வரை, வேவர்லி கார்டன்ஸ் கடை வரை ஓட்டினால் பேட்டரி எப்படிச் சார்ஜ் ஏறும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினைக் கிளப்ப 250 ஆம்பியர், இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 20 ஆம்பியர் கொடுத்தாலும் அந்தச் செலவு ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்வது மட்டும் பேட்டரியை வற்றவைப்பதில்லை. ஹெட்லைட், பின்கண்ணாடி டிமிஸ்டர், ஹீட்டர் ஃபேன், சூடான இருக்கை எல்லாம் சேர்ந்து ஆல்டர்னேட்டர் தருவதை வழியிலேயே பங்குபோட்டுக்கொள்ளும் என்பதும், குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும் என்பதும் உண்மை. எனவே மெக்கானிக் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஓடாமல் நிற்பது குறுகிய ஓட்டத்தைவிட மோசம். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரமும் கம்ப்யூட்டரும் ஓயாமல் விழித்திருக்கின்றன. அவை 30 மில்லி ஆம்பியர் மட்டும் உறிஞ்சினாலும் ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் மணி, ஆறு வாரத்துக்கு 30. சாதாரணக் கார் பேட்டரியின் கொள்ளளவு 60 என்றால் பாதி காலி.

ஆறு வாரம் என்று சும்மா சொல்லவில்லை. நம்மவர்கள் ஊருக்குப் போவது பள்ளி விடுமுறையில், டிசம்பர் நடுவில் கிளம்பி, கச்சேரி, கல்யாணம், பொங்கல் எல்லாம் முடித்து ஜனவரிக் கடைசியில்தான் திரும்புவார்கள். அதாவது மெல்பர்னின் உச்சக் கோடையில் கார் அனாதையாக நிற்கிறது. பாதி சார்ஜில், சூட்டில், வாரக்கணக்கில் கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகங்களாக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அந்தப் பகுதி முழுதாக மீளாது. திரும்பி வந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். கணக்கு ஜூனில் தீர்க்கப்படும். கேரேஜுக்குள் நிறுத்தினாலாவது சூடு குறையும். ஆனால் அங்கே அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் குடியிருக்க, கார் வெளியே டிரைவ்வேயில் காய்கிறது.

இரண்டாவது மறுப்பு: வெயில்தான் எமன் என்றால் சென்னையில் ஒரு பேட்டரியும் உயிரோடிருக்கக் கூடாதே? அங்கேயும் ஆயுள் குறைவுதான், வெப்ப நாடுகளில் ஈயப் பேட்டரி சீக்கிரம் ஓய்வது எங்கும் கண்ட விஷயம். ஆனால் சென்னையில் மார்கழியிலும் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும், ஆயில் கெட்டியாவதில்லை. பலவீனம் அம்பலப்படும் காலம் என்று ஒன்று அங்கே இல்லாததால் சாவுகள் வருடம் முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. மெல்பர்னில் எல்லாம் ஒரே பருவத்தில் கூடிவருவதால் குளிருக்குக் கெட்ட பெயர். மின்சாரக் கார் வாங்கிவிட்டோம், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓட்டுவதற்கான பெரிய பேட்டரி வேறு, கதவையும் கம்ப்யூட்டரையும் எழுப்ப அந்தக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பலவற்றில் அதுவும் ஈயம்தான்.

ஆகவே பேட்டரியைச் சோதிக்க வேண்டிய மாதம் மார்ச் அல்லது ஏப்ரல். கோடை செய்த சேதம் முடிந்து, குளிர் தொடங்காத இடைவெளி. பேட்டரி கடைகள் பலவற்றில் இலவசமாகவே லோடு டெஸ்ட் செய்து தருகிறார்கள். வீட்டிலேயே பார்ப்பதானால் மலிவான மல்டிமீட்டர் போதும்: இரவு முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரி காலையில் 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஆபத்து. வோல்டேஜ் சார்ஜைத்தான் சொல்லும், தகட்டின் உடல்நிலையைச் சொல்லாது. நான்கு வயது தாண்டியதற்கு லோடு டெஸ்ட்டே சரி. ஊருக்குப் போகுமுன் தானாக அளவோடு நிறுத்திக்கொள்ளும் சார்ஜரை இணைத்துவிட்டுப் போகலாம், அல்லது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து வாரம் ஒரு முறை மோனாஷ் ஃப்ரீவேயில் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லலாம். காலையில் பத்து நிமிடம் ஐடிலில் உறுமவிட்டு எஞ்சினைச் சூடாக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது; இன்றைய எஞ்சின் அரை நிமிடத்தில் தயார், முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவதும் சொற்பம். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்: 2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் அதற்குத் தடை. புதியது விற்கும் கடையே பழையதை வாங்கிக்கொள்ளும்.

மற்றவை சுருக்கமாக. உறைபனி படிந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும்; வெறும் குழாய்த் தண்ணீர் போதும். உள்ளே ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏ.சி.யையும் போடுங்கள், காற்று வெளியிலிருந்து வரட்டும். குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று அணைத்துவைப்பவர்கள், காற்றின் ஈரத்தை வடிப்பதே அதன் வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள். டயரில் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. குறையும், சம்மரில் அடித்த காற்று ஜூலையில் போதாது. பிள்ளைகளுக்குப் பனி காட்ட மவுண்ட் புல்லரோ ஹோத்தமோ போனால் மட்டும் டொரொன்டோ மைத்துனரின் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள். டயர்ச் சங்கிலி எடுத்துச் செல்வது அங்கே சட்டப்படியான தேவை; டீசல் வண்டிக்கு மல்கிரேவ் பங்க்கில் போட்ட டீசல் மலையில் மெழுகாகிவிடும், அடிவாரத்து ஊரில் ஆல்பைன் டீசல் நிரப்ப வேண்டும். பேட்டரிக்கும் அங்கே உண்மையான ஆபத்து உண்டு: நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, வற்றிய பேட்டரி மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து வெடித்துவிடும். விக்டோரியா மலைகள் மைனஸ் 11.7 வரை கண்டிருக்கின்றன.

இதையெல்லாம் சட்டமே கவனித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வயது தாண்டிய காரை ஆண்டுதோறும் மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் ரெஜிஸ்ட்ரேஷன். விக்டோரியாவில் பெரும்பாலும் விற்கும்போதுதான் ரோட்வொர்த்தி சான்றிதழ் கேட்பார்கள். பத்து வருடம் ஒரே காரை வைத்திருப்பவரின் டயரைப் பத்து வருடமும் யாரும் சட்டப்படிப் பார்ப்பதில்லை. செலவு, தாமதம் என்று ஆண்டுச் சோதனைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை: ஆண்டுக்கு ஒரு மணி நேரம், ஒரு டயரின் விலையைவிடக் குறைந்த கட்டணம். விக்டோரியாவும் இந்தச் சோதனையைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, வீட்டு நாள்காட்டியில் மார்ச் மாதப் பக்கத்தில் பேட்டரி, டயர் என்று இரண்டு சொல் எழுதிவையுங்கள்.